சுளகு மேளத்தின் சொந்தக்காரன்

தில்லையம்பலத்தைக் கெட்ட மனிதன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஸ்காபரோவில் யாராவது வீடு மாறினால் தளபாடம் தூக்க முதல் ஆளாக வந்து நிற்பார். பனி கொட்டிய காலையில் தன் வாசலை வழித்த கையோடு பக்கத்து வீட்டுச் சீனக் கிழவியின் வாசலையும் வழித்துவிடுவார். கோயில் பந்தியில் சிறுபிள்ளைக்கும் குனிந்து கேட்டுத்தான் சோறு போடுவார். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இனி வரப்போவதைக் கேட்டால் அவர் மேல் கோபம் வரும். வரட்டும், வரவேண்டிய கோபம்தான். ஆனால் இதையும் மறக்கக்கூடாது.

கதிரை செய்கிற தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை. மரச் சட்டங்களை நீராவியில் அவித்து வளைக்கிற பகுதி. கூட நின்று வேலை செய்தவன் டெக்லன் என்கிற ஐரிஷ்காரன். செம்பட்டைத் தாடி, ஓயாத வாய். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் ஒரு கையால் சாப்பிட்டு மறு கையால் தாளம் போடுவான். ஒருநாள் தில்லையம்பலம் தன்னையறியாமல் எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் தாளம் போட்டுவிட்டார். அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

டெக்லனுடைய ஆட்கள் அடிக்கிற மேளத்துக்குப் பெயர் பௌரான். ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்த தட்டை மேளம். வழக்கத்தில் அது மா அரிக்கிற அரிதட்டுப் போல வட்டமாக இருக்கும். டெக்லன் தொழிற்சாலையில் மிஞ்சிய பலகையை வளைத்து ஒன்று செய்யப்போக, ஒரு பக்கம் வெடித்துவிட்டது. எறியப் போனவனைத் தில்லையம்பலம் மறித்தார். வெடித்த பாகத்தை வெட்டியெடுத்து அந்த இடத்தில் நேர்ப்பலகை ஒன்றைப் பொருத்தினார். விட்பிக்கு அங்காலே ஒரு பண்ணையில் வாங்கி வந்த ஆட்டுத்தோலை நனைத்து, இருவருமாக இழுத்து ஆணி அடித்தார்கள். காய்ந்த பிறகு பார்த்தால் வாய் நேர், பின்பக்கம் வளைவு. அசல் சுளகு. அரிசி போட்டுப் புடைக்காத குறைதான். பனி வழிக்கிற சவள் மாதிரி இருக்கிறது என்று டெக்லன் விழுந்து விழுந்து சிரித்து, "நீயே வைத்துக்கொள்" என்று கொடுத்துவிட்டான்.

வட்ட மேளம் மடியில் உருளப் பார்க்கும். இது உருளாது. நேர்ப்பக்கத்தைத் தொடையில் ஊன்றி, இடது கையை உள்ளே விட்டுத் தோலைத் தாங்கி, இரண்டு தலையிலும் குமிழ் வைத்த குட்டித் தடியால் மணிக்கட்டை மட்டும் ஆட்டி அடிக்க வேண்டும். மூலையில் பட்டால் காய்ந்த தேங்காயைத் தட்டின சத்தம். நடு வயிற்றில் பட்டால் கிணற்றுக்குள் வாளி விழுந்த சத்தம். உள்ளே இருக்கிற கை தோலை அமர்த்தினால் சத்தம் ஏறும், விட்டால் இறங்கும். ஞாயிறு பின்னேரங்களில் டான்ஃபோர்த் பக்கத்து பப் ஒன்றில் டெக்லனும் கூட்டாளிகளும் வட்டமாக இருந்து ஃபிடிலும் குழலும் வாசிப்பார்கள். நடுவிலே ஒரு இஞ்சிச் சோடாவோடு தில்லையம்பலம். அங்கே அவர் பெயர் 'டில்'. அங்கே யாரும் அவருடைய ஊரைக் கேட்கவில்லை.

மனைவி பாலேஸ்வரி இதைக் கண்டுபிடித்தது காரின் டிக்கியில்.

"இஞ்சாருங்கோ, உதென்ன, சுளகுக்குத் தோல் போர்த்து வச்சிருக்கிறியள்?"

"மேளமப்பா. டெக்லன் தந்தது."

"என்ன தோல்?"

"ஆட்டுத்தோல்."

"கோயிலுக்குப் போற காருக்குள்ளையோ?"

"ஏன், எங்கட மகன் பிரியந்தன்ரை மிருதங்கத்துக்கு என்ன பட்டுச்சீலையே போர்த்திருக்கு? அதுவும் தோல்தானே."

"அது சபையிலை வாசிக்கிறது. உது பறைமேளம் மாதிரியெல்லோ கிடக்கு. ஆரும் கண்டால் என்ன நினைப்பினம்? வீட்டுக்குள்ளை ஏத்தாதேங்கோ, சொல்லிப்போட்டன்."

அவர் ஏற்றவில்லை. பழைய வேட்டியில் சுற்றி, மேலே அரிசிச் சாக்கும் போட்டு, காரிலேயே வைத்துக்கொண்டார். மனைவிக்குப் பயந்து என்று சொல்லிக்கொண்டார். உண்மையில் அவருக்கும் அதே கூச்சம்தான்.

அந்தத் தொழிற்சாலையில் கதிரைகளுக்குப் பொலிஷ் போடுகிற பகுதியில் ஜெயரட்ணம் என்று ஒருவர் இருந்தார். தில்லையம்பலத்தைவிட இளையவர், அதே ஊர். அவருடைய தகப்பன் ஊரில் செத்தவீடுகளுக்குப் பறைமேளம் அடித்தவர். தில்லையம்பலத்தின் தகப்பன் செத்தபோதும் அவர்தான் கேற்றுக்கு வெளியே நின்று காலையிலிருந்து அடித்தார். தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தது வாலிபனாக இருந்த தில்லையம்பலம். கேத்தில் மூக்குப் பட்டுவிடக் கூடாதென்று, அந்த மனிதர் ஏந்திய தேங்காய்ச் சிரட்டைக்குள் உயரத் தூக்கிப் பிடித்து ஊற்றினார். தகப்பனோடு வந்திருந்த சின்ன ஜெயரட்ணம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

யாழ்ப்பாணத்து ஆட்கள் எந்த நாட்டில் சந்தித்தாலும் முதல் கேள்வி "எந்த ஊர்?", அடுத்தது "ஊரிலை எவடம்?" கோயிலடி, குளத்தடி என்று மறுமொழி வந்தால் போதும், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம் என்பது வரை தெரிந்துவிடும். அதனால் ஜெயரட்ணம் கனடாவில் யார் கேட்டாலும் வவுனியா என்றுதான் சொல்வார். தொழிற்சாலைக்கு வந்த முதல்நாள், சாப்பாட்டு அறையில் தில்லையம்பலத்தைக் கண்டதும் அவருடைய முகம் செத்துப்போனது. தில்லையம்பலம் எழுந்து போய்க் கையைக் கொடுத்தார்.

"தம்பியை இப்பதான் முதன்முதல் காணுறன். நான் தில்லையம்பலம்."

"நான் ஜெயரட்ணம், அண்ணை. வவுனியா."

இரண்டு பேருக்கும் விளங்கியது. அதன் பிறகு தில்லையம்பலம் அந்தப் பேச்சை எடுத்ததேயில்லை, பாலேஸ்வரியிடம்கூட. அதைத் தான் ஜெயரட்ணத்துக்குக் கொடுத்த பெரிய கொடை என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். அங்கேதான் பிழை. வாயை மூடி வைத்திருப்பதற்கு ஒரு மனிதன் தனக்குத் தானே மாலை போட்டுக்கொள்ளலாமா?

வேலை முடிந்து ஜெயரட்ணத்தை டோர்செட் பார்க்கில் அவருடைய மாடிக்கட்டடத்தில் இறக்கிவிடுவார். சில நாட்களில் மேலேயும் போவார். ஜெயரட்ணத்தின் மனைவி யோகமலர் இடியப்பம் அவித்து வீடுகளுக்கு விற்கிறவள். கையில் மா ஒட்டியபடி வந்து, "சாப்பிட்டிட்டுப் போங்கோ அண்ணை" என்பாள். "இப்பதான் பிள்ளை சாப்பிட்டனான்" என்பார் இவர். வருடக்கணக்காக அந்த மனிதர் இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார். அதே யோகமலர் அவித்த இடியப்பத்தைப் பாலேஸ்வரி வெள்ளிக்கிழமைகளில் வாங்கி வருவாள். விஷயம் எதுவும் தெரியாமல்தான் வாங்கினாள். தன் வீட்டு மேசையில், தன் சாப்பாட்டுக் கோப்பையில் அதைச் சாப்பிடுவதில் அவருக்கு வில்லங்கம் இருக்கவில்லை.

ஒருநாள் டிக்கியைத் திறக்க வேண்டி, "ஜெயம், உதை ஒருக்காப் பிடியும்" என்று மேளத்தை நீட்டினார். ஜெயரட்ணம் கைகளை ஜக்கெற் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டார்.

"கீழை வையுங்கோ அண்ணை" என்றார். அவ்வளவுதான்.

வன்னியில் சண்டை முடிகிற கட்டத்துக்கு வந்த அந்த வசந்தத்தில், ரொறன்ரோத் தமிழர்கள் வேலையையும் படிப்பையும் விட்டு, சண்டையை நிறுத்தச் சொல்லி யுனிவேர்சிற்றி அவெனியூத் தெருவில் கிடந்தார்கள். ஜெயரட்ணத்தின் தாய் வன்னிக்குள் அகப்பட்டிருந்தாள். மாசிக்குப் பிறகு அவளுடைய குரலை யாரும் கேட்கவில்லை. தில்லையம்பலமும் தெருவுக்குப் போவார். ஞாயிறுகளில் மட்டும் முதலில் பப்புக்குப் போய்விட்டுத்தான் போவார். அதை யாரிடமும் சொல்லவில்லை. சனம் இப்படிச் சாகும்போது பப்பில் மேளமா என்று அவருக்கே உடம்பு கூசும். ஆனால் அடிக்கிற அந்த ஒரு மணித்தியாலம் மட்டும்தான் காதுக்குள் வேறொன்றும் கேட்பதில்லை.

மே மாதத்து அந்த ஞாயிறும் அப்படித்தான் போயிருந்தார். பாட்டு நடுவில் டெக்லன் அவருடைய தோளைத் தொட்டான். சுவரில் இருந்த ரீவியில் கடற்கரையும் புகையும் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். தில்லையம்பலம் தடியைப் பொக்கற்றில் போட்டு, மேளத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு சுரங்க ரயிலுக்கு ஓடினார். அன்றைக்குக் காரைப் பாலேஸ்வரி கொண்டுபோயிருந்தாள். இல்லாவிட்டால் மேளம் டிக்கியிலேயே கிடந்திருக்கும், இந்தக் கதையும் இருந்திருக்காது.

தெருவில் சத்தம் போட ஒருவருக்கும் தொண்டை மிச்சமில்லை. பெண்கள் நிலத்தில் இருந்து முகத்தை மூடிக்கொண்டிருந்தார்கள். ஜெயரட்ணம் நடைபாதை ஓரத்தில் போனைக் காதில் வைத்தபடி இருந்தார். மறுபக்கத்தில் யாருமில்லை, வெறும் மணி மட்டும் போய்க்கொண்டிருந்தது. தில்லையம்பலம் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தார். அப்போது தொண்டர் சட்டை போட்ட ஒரு பிள்ளை வந்தாள். அட்சயா என்று பெயர், இங்கே பிறந்து வளர்ந்தவள்.

"அங்கிள், எங்கட ட்ரம் கிழிஞ்சு போச்சு. இது ட்ரம்மா? கேன் ஐ சீ?"

அவர் வாய் திறக்க முதல் சாக்கை விலக்கிவிட்டாள். "ஓ மை காட், சுளகு மாதிரி! யார்ட இது? ப்ளே பண்ணுங்கோ அங்கிள், ப்ளீஸ். எங்களுக்கு வொய்ஸ் இல்ல."

சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள். அதில் நவரட்ணம் மாஸ்ரரும் நின்றார். கோயில் சபைத் தலைவர். பிரியந்தனுடைய மிருதங்க அரங்கேற்றத்துக்குப் பொன்னாடை போர்த்தியவர்.

"என்ன தில்லையம்பலம், தோல்மேளத்தோடை? நீர் உதெல்லாம் அடிக்கிறனீரோ?"

கோபத்தில் கேட்கவில்லை, வியப்பில்தான் கேட்டார். தில்லையம்பலத்துக்கு மட்டும் உடம்பெல்லாம் கேற்றடியில் நிற்பதுபோலக் கூசியது. பப் வெளிவந்துவிடும், பாலேஸ்வரி, கோயில், பந்தி எல்லாம் ஒரேயடியாகக் கண்ணுக்குள் வந்தது. மேளத்தை எடுத்தார். பக்கத்தில் இருந்த ஜெயரட்ணத்தின் மடியில் வைத்தார்.

"சீச்சீ, என்ரையில்லை மாஸ்ரர். ஜெயத்தின்ரை. அடியும் ஜெயம், உங்கட ஆக்களுக்குக் கைவந்ததுதானே."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருடைய காதுக்கே கேட்டது. வாய்க்குள் திரும்பப் போட முடியுமா?

நவரட்ணம் மாஸ்ரர் ஜெயரட்ணத்தை மேலும் கீழும் பார்த்தார். "ஓ..." என்று இழுத்தார். "தம்பி வவுனியா எண்டெல்லோ சொன்னவர்? ஊரிலை எவடம்?"

ஜெயரட்ணம் போனை மெல்ல நிறுத்திப் பொக்கற்றில் போட்டார். மடியில் கிடந்த மேளத்தை விரலும் படாமல் சாக்கோடு சேர்த்துத் தூக்கி, தில்லையம்பலத்தின் மடியில் திரும்ப வைத்தார்.

"என்ரை கைக்கு உது பழக்கமில்லை, ஐயா" என்றார்.

ஐயா. ஜெயரட்ணத்தின் தகப்பன் தில்லையம்பலத்தின் தகப்பனை அழைத்த சொல். இத்தனை வருடம் அண்ணை என்று கூப்பிட்ட வாய் அது. எழுந்து ரயில் பக்கம் நடந்துபோனார். மேளத்தை அட்சயா எடுத்துக் கையால் படபடவென்று தட்டினாள். தாளம் வரவில்லை. தில்லையம்பலத்துக்குத் தலை நிமிரவில்லை.

செய்தி ஸ்காபரோ முழுக்கப் போக அந்தக் கிழமையே போதுமாயிருந்தது. யோகமலருக்கு வழமையாக வருகிற ஓடர்கள் ஒவ்வொன்றாக நின்றன. "இந்தக் கிழமை வேண்டாம் பிள்ளை, பேக்கரியிலை வாங்கின பாண் கிடக்கு" என்றார்கள். எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் பாண் கிடந்தது. பாலேஸ்வரியும் நிறுத்தினாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் வாங்கியிருப்பியோ?"

"அது வேறை கதை. இவ்வளவு காலமும் மனிசியை முட்டாளாக்கி வச்சிருந்திருக்கிறியள்." அவள் அழுதாள். எதற்கு அழுதாள் என்று அவளுக்கே சரியாகத் தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு, வன்னியிலிருந்து தப்பிய சனத்தை அடைத்து வைத்த முகாமிலிருந்து யாரோ போன் எடுத்துச் சொன்னார்கள். ஜெயரட்ணத்தின் தாய் கடைசி நாட்களில் செல் குண்டு விழுந்து செத்துவிட்டாள், உடலும் இல்லை. எங்கள் சனம் சண்டைக்காரர் வீட்டுக் கலியாணத்துக்குப் போகாமல் விட்டாலும் செத்தவீட்டுக்குப் போகும். ஜெயரட்ணம் வீட்டில் தொழிற்சாலைக்காரரும் பக்கத்து வீட்டுப் பிலிப்பீன்ஸ் பெண்ணும்தான் வந்து இருந்துவிட்டுப் போனார்கள் என்று டெக்லன் சொன்னான். "உன் ஆட்கள் எங்கே, டில்?" என்று கேட்டான். தில்லையம்பலம் சட்டம் வளைக்கிற நீராவிக்குள் முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிறு பப்புக்குப் போகவில்லை. மேளத்தைச் சாக்கில்லாமல், சுற்றின வேட்டியில்லாமல் கையில் எடுத்துக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போனார். அங்கே முகாம் சனத்துக்குப் பால்மாவும் உடுப்பும் சேர்க்கிற கூட்டம், அதன் பிறகு மத்தியானச் சாப்பாடு. பாலேஸ்வரி பின்னாலேயே வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். கேட்கவில்லை. சாப்பாடு முடிந்து எல்லாரும் இருக்கும்போது எழுந்து நின்றார்.

"அண்டைக்கு ரோட்டிலை உது ஜெயரட்ணத்தின்ரை மேளம் எண்டு சொன்னன். பொய். உது என்ரை. பப்பிலை போயிருந்து அடிக்கிறனான். என்ரை மானம் போகக் கூடாதெண்டு அந்த மனிசனை எல்லாருக்கும் முன்னாலை கேவலப்படுத்தினன்."

இனித் தன்னைக் காறித் துப்புவார்கள், சபையிலிருந்து பெயரை எடுப்பார்கள் என்று எதிர்பார்த்து நின்றார். அதற்குத்தான் வந்தவர்.

"ஐரிஷ் மேளமோ?" என்றார் நவரட்ணம் மாஸ்ரர். "அடியும், ஒருக்காக் கேப்பம்."

அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இருந்து, நேர்ப்பக்கத்தைத் தொடையில் ஊன்றி அடித்தார். பழகிய கை. மூலையில் தேங்காய், நடுவில் வாளி. துக்ககாலம் என்று எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருந்த சபை தன்னை மறந்து கைதட்டியது. எழுந்து நின்றும் தட்டினார்கள்.

"உதெல்லோ கலை!" என்றார் மாஸ்ரர். "வெள்ளைக்காரன்ரை வாத்தியத்தை எங்கட ஆள் ஒருத்தர் கையாளுறதெண்டால் சும்மாவே? இந்த வரியம் விழா இல்லை. வாற வரியம் உமக்கு மேடை."

"அப்ப ஜெயரட்ணம், மாஸ்ரர்?"

"அது வேறை, தில்லை. உமக்குத் தெரியாததே?"

"தாயின்ரை முப்பத்தோராம் நாள் காரியம் வருகுது. எல்லாரும் வாங்கோ."

"பாப்பம்" என்றார் மாஸ்ரர்.

தில்லையம்பலம் மேளத்தை எடுத்துக்கொண்டு காருக்கு வந்தார். அடி விழும் என்று முதுகைக் கொடுத்தவனுக்குப் பொன்னாடை போர்த்தினால் அவன் அதை எங்கே கொண்டுபோய் வைப்பான்? கார் டோர்செட் பார்க் பக்கம் திரும்பியதும் பாலேஸ்வரி கண்டுகொண்டாள்.

"நான் மேலை வரமாட்டன்."

"வரவேண்டாம். உதை மட்டும் வச்சிரு" என்று மேளத்தை அவளுடைய மடியில் வைத்துவிட்டுப் போனார்.

கதவைத் திறந்தது ஜெயரட்ணம். தாடி வளர்ந்திருந்தது. உள்ளே மேசையில் தாயின் படம், ஒரு விளக்கு, வருகிறவர்களுக்கென்று விரித்த பாய். பாயில் யாருமில்லை.

"வாங்கோ, ஐயா."

"ஐயா எண்டு சொல்லாதையும், ஜெயம்."

"பின்னை எப்பிடிச் சொல்ல?"

தில்லையம்பலம் பாயில் இருந்தார். எதையெதையோ சொல்ல நினைத்து வந்தவர், கடைசியில் மண்டபத்தில் நடந்ததை மட்டும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. ஜெயரட்ணம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"கை தட்டினவையோ?"

"தட்டினவை."

"எல்லாருமோ?"

"எழும்பி நிண்டு."

ஜெயரட்ணத்துக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தார். தாய் செத்த செய்தி வந்ததிலிருந்து அந்த வீட்டில் கேட்காத சத்தம். யோகமலர் குசினியிலிருந்து பதறி வந்து எட்டிப் பார்த்தாள். தில்லையம்பலத்தைக் கண்டதும் அவளுடைய முகம் இறுகியது. ஆனாலும் கேட்டாள். வீட்டுக்கு வந்தவரைக் கேட்காமல் விட அவளால் முடியாது. இந்த முறை அண்ணை என்று சொல்லவில்லை.

"சாப்பிட்டிட்டீங்களோ?"

இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் அவர் உண்மையாகவே சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். கோயில் சோறு தொண்டை வரை நின்றது.

"இல்லை பிள்ளை" என்றார். "சாப்பிடேல்லை."

ஓடர் இல்லாவிட்டாலும் அவள் பழக்கத்தில் அவித்துக்கொண்டுதான் இருந்தாள். கோப்பையில் இடியப்பத்தை வைத்தாள். தில்லையம்பலம் பிசைந்து வாயில் வைத்தார். விழுங்க முடியாமல் விழுங்கினார்.

"உதாலை ஒண்டும் சரிவராது, தெரியுமோ?" என்றார் ஜெயரட்ணம், கண்ணைத் துடைத்தபடி.

"தெரியும்."

"அவருக்குச் சொதி விடு" என்றார் மனைவியிடம்.

யோகமலர் குனிந்து, அகப்பை கோப்பையில் முட்ட முட்டச் சொதி விட்டாள். தில்லையம்பலத்துக்கு உயரத்திலிருந்து சிரட்டைக்குள் விழுந்த அந்தத் தேத்தண்ணியின் சத்தம் கேட்டது. தலை நிமிர்த்தாமல் கோப்பையை வழித்துச் சாப்பிட்டு முடித்தார்.

அவர் இறங்கி வந்தபோது கையில் ஒரு பார்சல் இருந்தது. கீழே யாரும் இருக்கிறார்களா என்று கேட்டு யோகமலர் கட்டிக் கொடுத்தது. காரில் ஏறி, அதைப் பாலேஸ்வரியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. அதனால் அவளுடைய மடியில் கிடந்த மேளத்தின் மேலேயே வைத்தார்.

"சுடுகுது" என்றாள் அவள்.

"இப்பதான் அவிச்சது."

"தோலிலை ஆவி பட்டால் உங்கட மேளம் தொய்ஞ்சுபோகுமெல்லோ?"

"போகட்டும்."

அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பார்சலைத் திறக்கவில்லை. ஆனால் கார் ஒவ்வொரு சிக்னலிலும் நின்று எடுக்கும்போது அது சரிந்துவிடாமல், சுளகில் இருப்பதைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வீட்டு வாசல் வரும்வரை கையை எடுக்கவில்லை.